இருப்புப் பலகை

நான் அரசு வேலைக்கு வந்த 1980-களின் கடைசியில், தென்காசிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சமையாத பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது சாதாரணமாக நடக்கும். 16 முடிந்து 17 ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளை இன்னும் வயதுக்கு வந்திருக்க மாட்டாள். கூட வருவது பெரும்பாலும் ஆச்சிதான். அம்மாவுக்கு அன்றைய பீடிக்கணக்கை முடித்தாக வேண்டும். பிள்ளையும் வீட்டில் சும்மா இருப்பவள் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மடியில் சொளவை வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டிக்கொண்டிருப்பாள். காலையில் பழையது, நடுவில் இரண்டு தடவை கடுங்காப்பி, மத்தியானம் சோறு இருந்தால் சோறு. எடை போட்டால் 32, 34 கிலோ இருக்கும்.

ஒரு ஆச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நெஞ்சுல சதை பிடிக்கட்டும் டாக்டரம்மா, தானா உக்காந்திருவா. இவ அப்பந்தான் ஆஸ்பத்திரியில காட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்."

எங்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்த வரிசை வேறு. கர்ப்பப்பை இருக்கிறதா, வழி அடைத்திருக்கிறதா, தைராய்டு எப்படி, காசநோய் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். பார்ப்போம். இரண்டு மூன்று பேருக்குக் காசநோய் அகப்பட்டது உண்டு. ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லை, அவளைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மற்றவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், உடம்பில் சதை மட்டும் இருக்காது. சத்துமாவும் இரும்பு மாத்திரையும் கொடுத்து, பூச்சி மருந்தும் கொடுத்து அனுப்பினால், ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் அதே ஆச்சி வந்து சடங்குக்குக் கூப்பிடுவாள். சடங்குப் பந்தலில் உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அந்தப் பிள்ளைக்குக் கிண்ணம் கிண்ணமாகப் போகும். இதையே ஒரு வருஷத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் இந்தப் பந்தலையும் ஒரு வருஷம் முன்னாலேயே போட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே நானும் பந்தியில் உட்காருவேன்.

ஆச்சி சொன்னதையே ஹார்வர்டில் ரோஸ் ஃபிரிஷ் என்ற அம்மையார் எண்களாகப் போட்டு வைத்திருந்தார் என்பது மேற்படிப்பு படிக்கப் போனபோதுதான் தெரிந்தது. 1974-ல் அவரும் ஜேனட் மெக்கார்தரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண் முதன்முதலாக ருதுவாவதற்கு உடம்பில் சுமார் 17 சதவீதம் கொழுப்பு வேண்டும், மாதவிலக்கு ஒழுங்காகத் தொடர்வதற்கு 22 சதவீதமாவது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ரொம்பப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை. கொழுப்பை அவர் நேராக அளக்கவில்லை, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டார் என்று ஒரு குறை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. தொடையிலும் இடுப்பிலும் இருக்கிற கொழுப்பு எவ்வளவு என்று மூளைக்கு எப்படித் தெரியும்? யார் போய்ச் சொல்வது? ஃபிரிஷிடம் அதற்குப் பதில் இல்லை. கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் உண்டாக்கும் என்பது அப்போதே தெரியும். ஆனால் அதை மட்டும் வைத்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

பதில் எலியிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று எலி வளர்க்கிற ஒரு பெரிய நிறுவனம் உண்டு. அங்கே 1949-ல் அளவு மீறிக் கொழுத்த எலிகள் சில பிறந்தன. தின்றுகொண்டே இருக்கும், குட்டி போடாது. டக்ளஸ் கோல்மன் என்பவர் அந்த எலியின் ரத்த ஓட்டத்தையும் சாதாரண எலியின் ரத்த ஓட்டத்தையும் ஒட்டுப்போட்டுப் பார்த்தார். கொழுத்த எலி தீனியைக் குறைத்துக்கொண்டது. அதனிடம் இல்லாத ஏதோ ஒன்று மற்றதன் ரத்தத்தில் இருக்கிறது என்று புரிந்தது. அந்த 'ஏதோ ஒன்றை' 1994 டிசம்பரில் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு பிடித்தது. கொழுப்பு அணுக்களே தயாரித்து ரத்தத்தில் விடுகிற ஹார்மோன் அது. லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு இந்தச் செய்தி இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. திருநெல்வேலியில் மருத்துவர் கூட்டம் ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் அரைமணி நேரம் பேசினார். பசியைக் குறைக்கிற ஹார்மோன், உடல் பருமனுக்கு மருந்து வரப்போகிறது, அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2 கோடி டாலர் கொடுத்து உரிமம் வாங்கியிருக்கிறது என்றெல்லாம் சொன்னார். கூட்டத்துக்கு அந்த 2 கோடிதான் பிடித்திருந்தது. அவர் போகிற போக்கில் சொன்ன இன்னொரு சங்கதியைத்தான் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். 1996-ல் கலிஃபோர்னியாவில் ஃபரீத் ஷெஹாப் என்பவரின் குழு அந்த மலட்டுப் பெண் எலிகளுக்கு லெப்டின் ஊசி போட்டது. எலிகள் சினையாகிக் குட்டி போட்டன. அதே வகை எலிகளில் சிலவற்றுக்கு ஊசி போடாமல் தீனியை மட்டும் குறைத்து இளைக்க வைத்தும் பார்த்தார்கள். அவை இளைத்தன, சினைப்படவில்லை. ஆக, கொழுத்துப்போனதால் மலடாகவில்லை. கொழுப்பு அனுப்ப வேண்டிய சேதி போகாததால்தான் மலடாகியிருக்கிறது.

அன்றைக்கு ரயிலில் தென்காசிக்குத் திரும்பும்போது பழைய ஆச்சியை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சேதி எப்படிப் போகிறது என்று நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இப்படி. ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை தொங்கும். அரிசி இவ்வளவு, சீனி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். மூட்டையை யாரும் உள்ளே போய் எண்ணுவதில்லை, பலகையைப் பார்த்துத்தான் வரிசையில் நிற்பதா வீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்கிறோம். உடம்பின் கொழுப்பு எழுதுகிற பலகை லெப்டின். அதைப் படிப்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஹைப்போதலாமஸ். குழந்தை ஒன்றைச் சுமந்து பெற்றுப் பால் கொடுக்கிற அளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அங்கேயுள்ள கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் வழியாகத் தாக்கல் போய், ஜி.என்.ஆர்.ஹெச். சுரந்து, பிட்யூட்டரி வேலை செய்து, சூலகத்தில் முட்டை முதிரும். பலகையில் இருப்பு இல்லை என்று எழுதியிருந்தால் அந்த மாதம் கடை திறக்காது. பலகையில் இருப்பு என்று போட்டிருப்பதால் மட்டும் சரக்கு வீட்டுக்கு வந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். லெப்டின் அனுமதி கொடுக்கும். வயதுக்கு வரவைப்பதற்கும் முட்டையை வெடிக்க வைப்பதற்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

1997-ல் மனிதர்களிலும் ஆதாரம் கிடைத்தது. இங்கிலாந்தில் குடியிருந்த ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தில், ஒன்றுவிட்ட அக்கா தம்பியான இரண்டு குழந்தைகள். பிறவியிலேயே லெப்டின் இல்லை. 8 வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் கண்டுபிடித்து, பிறகு ஊசியும் போட்டார்கள். எடை இறங்கியது. பருவமடைவதற்கான ஹார்மோன் துடிப்பும் அந்தப் பெண்ணுக்கு வயதுக்கேற்பத் தொடங்கியது. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற குடும்பங்களில்தான் இந்தக் குறை பெரும்பாலும் வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்துக் கட்டிக்கொடுக்கிற நம் ஊரில் ஒன்றாவது கண்ணில் படும் என்று எதிர்பார்த்தேன். இதுவரை படவில்லை. உலகத்திலேயே அபூர்வம்தான்.

இதெல்லாம் தெரிந்ததால் என் கையில் புதிதாக ஒரு மருந்தும் வந்து சேரவில்லை. ஆனால் நோயாளியிடம் நான் கேட்கிற கேள்வி மாறியது. அதற்கு ஒரு போலீஸ் வேலைப் பிள்ளையைச் சொல்ல வேண்டும்.

சீருடைப் பணியாளர் தேர்வுக்கு நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தயாராகத் தொடங்கிய காலம். அதிகாலை நாலரை மணிக்கு மைதானத்துக்குப் போனால் ஏழு மணி வரை ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். பிறகு டியூஷன். அவளுக்கு 21 வயது, நல்ல உயரம், எடை 45 கிலோ. ஐந்து மாதமாகத் தீட்டு வரவில்லை. அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள், அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறார். ஊரில் இந்த மாதிரி நேரத்தில் முதலில் எழுகிற சந்தேகம் ஒன்றுதான். சிறுநீர்ப் பரிசோதனை செய்து 'இல்லை' என்று காட்டிய பிறகுதான் அந்த அம்மாவுக்கு மூச்சே வந்தது. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"ஓடிட்டு வந்தா சாப்பாடு இறங்காது மேடம். ரெண்டு வாழைப்பழம். மத்தியானம் கொஞ்சூண்டு சோறு. ராத்திரி சாப்பிட்டா மறுநாள் உடம்பு கனமா இருக்குன்னு சார் சொன்னாரு."

ஸ்கேனில் சூலகம் சிறு குழந்தையுடையது போல அமைதியாக இருந்தது. கர்ப்பப்பையின் உள்தோல் காகிதம் மாதிரி மெல்லிசு. அந்தப் பிள்ளை நோயாளி இல்லை. செலவு கூடி வரவு குறைந்துவிட்டது, உடம்பு கணக்குப் பார்த்துக் கர்ப்பத்துக்கான வரியை முதலில் அடித்துவிட்டது. 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையில் பட்டினி கிடந்த ஹாலந்து நகரங்களில் பெண்களுக்கு இதுதான் நடந்தது. மாதவிலக்கு நின்றது, ஒன்பது மாதம் கழித்துப் பிறப்பு எண்ணிக்கை விழுந்தது, சாப்பாடு வந்ததும் திரும்ப ஏறியது. 2004-ல் பாஸ்டனில் கோரின் வெல்ட்டும் கிறிஸ்டோஸ் மான்ட்ஸோரஸும் இப்படி ஓட்டத்தாலும் குறைந்த எடையாலும் மாதவிலக்கு நின்றுபோன பெண்கள் எட்டுப் பேருக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. மூன்று மாதத்துக்குள் மூன்று பேருக்கு முட்டை வெடித்தது. இருப்பில் ஒரு மூட்டைகூடக் கூடவில்லை. பலகையில் மட்டும் எழுதினார்கள், மூளை நம்பிவிட்டது.

எனக்கு அந்த ஊசி வேண்டியிருக்கவில்லை. ஓடி வந்ததும் இரண்டு முட்டை, கடலைமிட்டாய், ராத்திரி நாலு தோசை நல்லெண்ணெய் ஊற்றி, வாரத்தில் ஒருநாள் ஓட்டம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றாள். "எலும்பு தேய்ஞ்சு கால் ஒடிஞ்சா அவரா கட்டுப் போடுவாரு?" என்று கேட்டேன். சும்மா பயமுறுத்தவில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் ஓடுகிற பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் எலும்பில் விரிசல் விழுவது நிஜம். மூன்று கிலோ ஏறியதும் மாதவிலக்கு வந்தது. இப்போது வேறு மாவட்டத்தில் காவலராக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள்.

2005, 2006-க்குப் பிறகு வாசலில் உட்கார்ந்திருக்கும் முகங்களே மாறிவிட்டன. தென்காசி விரிந்து குத்துக்கல்வலசை வயல்களுக்குள் மனை போட்டு வீடாகியது. சத்துணவு வந்த பிறகு பிறந்த தலைமுறை கல்யாண வயதுக்கு வந்திருந்தது. 32 கிலோப் பிள்ளைகள் அரிதாகி, 15 வயதிலேயே 70 கிலோவில் வருகிறவர்கள் கூடினார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், 2019-21-ல், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை என்று வந்தது. என் நோயாளிச் சீட்டுகளைப் புரட்டினால் அது கொஞ்சமும் ஆச்சரியம் தராது. அம்மிக்கு மிக்ஸி, ஆட்டுக்கல்லுக்கு கிரைண்டர், நடைக்கு ஸ்கூட்டி. பீடி மட்டும் இன்னும் உட்கார்ந்த இடத்தில்தான் ஓடுகிறது. பழைய பசி போய்விட்டது, பழைய உட்கார்ச்சி போகவில்லை. பிரானூர் பார்டர் பரோட்டாவை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பிடிக்கும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டாவும் கோழிச் சாறும் பார்சல் வருகிற வீடுகள் 1990-ல் இல்லை.

நீர்க்கட்டி என்று ஊரில் சொல்கிற பி.சி.ஓ.எஸ். பிள்ளைகளை நான் பெரும்பாலும் கழுத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடுவேன். பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு. அம்மா அதை அழுக்கு என்றே நினைத்திருப்பாள். "தேங்காநார் போட்டுத் தேய்ச்சும் போக மாட்டேங்கு டாக்டரம்மா, கடலைமாவு போட்டாச்சு, எலுமிச்சம்பழம் போட்டாச்சு." தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து எரிச்சலோடு வந்த பிள்ளையும் உண்டு. இன்சுலின் ஏராளமாகச் சுரந்தும் உடம்பு அதற்குச் செவிகொடுக்கவில்லை என்பதற்குத் தோல் காட்டுகிற அடையாளம் அந்தக் கறுப்பு. லெப்டினுக்கும் அதே கதிதான். இவர்கள் ரத்தத்தில் அளந்தால் லெப்டின் குறையவே குறையாது, கூடுதலாக இருக்கும். பலகை நிறைய எழுதியிருக்கிறது, படிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டான். மூளை அதைப் பொருட்படுத்தாமல் இன்னும் சாப்பிடு என்கிறது. இன்னொரு பக்கம், சூலகத்தில் அளவுக்கு மிஞ்சிய இன்சுலின் ஆண் ஹார்மோனைக் கூட்டி முட்டையைப் பாதி வளர்ச்சியில் நிறுத்திவிடுகிறது. கொழுப்பு சுரக்கிற இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் உடம்பை இன்சுலினுக்கு இணங்க வைப்பது. எடை ஏற ஏற அதுவும் குறைகிறது.

ஒரு மருமகளும் மாமியாரும் வந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம், எடை 78 கிலோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தீட்டு. மாமியாருக்குக் குழப்பம். "எங்க காலத்துல ஒட்டிப்போன வயித்தோட அஞ்சு பெத்தோம். இவளுக்கு நல்ல உடம்புதானே, அப்புறம் ஏன் தங்க மாட்டேங்கு?" சதை இருந்தால் பிள்ளை தங்கும் என்ற அந்தக் காலத்துக் கணக்கில் தப்பில்லை, அது பட்டினிக் காலத்துக் கணக்கு. ஐந்து கிலோ குறையுங்கள், அதற்குப் பிறகு மாத்திரை பேசுவோம் என்றேன். எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வெடிக்கத் தொடங்கிவிடும். சொல்வது சுலபம். இந்தப் பெண் எங்கே நடப்பாள்? ரோட்டில் தனியாக நடந்தால் 'யாரைப் பார்க்கப் போறா' என்பார்கள். மொட்டைமாடி மாமனார் படுக்கிற இடம். கடைசியில் மாமியாருக்கும் சுகர் இருந்ததால் இரண்டு பேரையும் சேர்த்து நடக்கச் சொன்னேன், காலையில் இலஞ்சிக் குமாரர் கோயில் வரை. மாமியார் கூட வந்தால் யாரும் வாய் திறக்க முடியாதே. எட்டு மாதத்தில் ஏழு கிலோ போனது. மாத்திரை தொடங்குமுன்னாலேயே முழுகாமல் வந்து நின்றாள். எல்லாருக்கும் இப்படி அமைந்துவிடாது. பாதிப் பேருக்கு மாத்திரை தேவைப்படுகிறது, சிலருக்கு அதற்கு மேலும்.

கர்ப்பத்தில் இந்த ஹார்மோன் செய்கிற வேலை இன்னும் வினோதம். 1997-ல் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், நஞ்சுக்கொடியும் லெப்டின் சுரக்கிறது என்று கண்டார்கள். வயிற்றில் பிள்ளை வளர வளரத் தாயின் ரத்தத்தில் லெப்டின் இரண்டு மூன்று மடங்கு ஏறும். பசியை அடக்குகிற ஹார்மோன் இப்படி ஏறினால் பிள்ளைத்தாச்சி சாப்பாட்டை ஒதுக்க வேண்டுமே? மாறாகப் பசி கூடுகிறது. அந்த ஒன்பது மாதம் மூளை வேண்டுமென்றே செவிடாகிக்கொள்கிறது, வயிற்றுப் பிள்ளைக்கும் பிறகு கொடுக்க வேண்டிய பாலுக்கும் சேமித்தாக வேண்டும் அல்லவா. பிரசவமாகி நஞ்சு விழுந்ததும் ஓரிரு நாளில் லெப்டின் சரசரவென்று இறங்கிவிடும். ரத்தக்கொதிப்போடு வருகிற பேறுகால விஷமயத்தில் லெப்டின் சாதாரணத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது. ரத்தம் போதாமல் திணறுகிற நஞ்சு அதிகமாகச் சுரப்பதால் இருக்கலாம். நான் அந்த நிலைமையில் பார்ப்பது ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும்தான். லெப்டினைப் பார்த்து எந்தப் பிரசவத்தையும் நான் முடிவு செய்ததில்லை.

"ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்" என்ற பேச்சு 42 கிலோப் பெண்ணுக்கு மருந்து, 82 கிலோப் பெண்ணுக்கு வினை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018-லிருந்து பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் வருகிறது, அதில் ஆவின் நெய்யும் பேரீச்சம்பழமும் இருக்கும். ஒல்லியான பெண்ணிடம், ஒரு சொட்டு வீணாக்காமல் நீயே சாப்பிடு, மாமியாருக்கு நெய்ச்சோறு போடாதே என்பேன். கனத்த பெண்ணிடம், நெய்யை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடு என்பேன். சர்க்கரைத் தண்ணீர்ப் பரிசோதனையை மட்டும் இரண்டு பேருக்கும் விடுவதில்லை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது. வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னை டாக்டர் வி. சேஷய்யா இதற்காகப் பல வருஷம் போராடி, 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொண்டுவந்தது. மூன்று பஸ் மாறி வருகிற பெண்ணிடம் சாப்பிடாமல் வா என்று சொன்னால் அவள் வரவே மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒல்லிப் பெண்ணையும் ஏன் விடக்கூடாது என்பதற்கு புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஆதாரம் கொடுத்தார். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசை, வயிற்று உறுப்புகள், தலை எல்லாமே நம் குழந்தைக்குச் சிறிது. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. வேறொரு ஆய்வில், தொப்புள்கொடி ரத்தத்தில் லெப்டினும் எடைக்கு ஏற்றபடி குறைந்திருக்கவில்லை. ஒல்லியாகப் பிறந்து, உள்ளுக்குள் கொழுத்த குழந்தை. அந்தக் குழந்தைதான் 15 வயதில் கறுத்த கழுத்தோடு என்னிடம் வருகிறது என்று நான் நினைக்கிறேன். பீடி சுற்றிய 34 கிலோ அம்மாவின் மகளாக அது இருப்பதை என் பழைய சீட்டுகளில் பல முறை பார்த்திருக்கிறேன். அம்மாவும் என்னிடம் வந்தவள்தானே.

மருந்துக் கம்பெனிப் பிள்ளைகளும் லேப்காரர்களும் இப்போது முழு உடம்புப் பரிசோதனைப் பட்டியலில் லெப்டினையும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். எழுதிக் கொடுத்ததில்லை. இளைத்தவளுக்குக் குறைவு என்று வரும், பருத்தவளுக்குக் கூடுதல் என்று வரும். அதை எடை மிஷின் காசு வாங்காமல் சொல்லிவிடும். இணையத்தில் லெப்டின் மாத்திரை என்று டப்பா விற்கிறது, ஒருத்தி வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். லெப்டின் ஒரு புரதம். வாயில் போட்டால் வயிறு அதைக் கறித்துண்டு போலச் செரித்துவிடும். ஊசியாகப் போட்டும்கூடச் சாதாரணப் பருமனுக்குப் பெரிதாகப் பலன் இல்லை என்று 1999-லேயே தெரிந்துவிட்டது, அந்த 2 கோடி டாலர் கனவு அதோடு சுருங்கியது. உடம்பில் கொழுப்பே தங்காத அபூர்வ நோய் ஒன்றுக்குத்தான் 2014-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கப் பார் என்றேன். வாங்க முடியவில்லை.

ஐந்தாறு வருஷமாக இன்னொரு வகை வருகிறது. கல்யாணம் நிச்சயமானதும் யூடியூபைப் பார்த்து ஒருவேளைச் சாப்பாடு, சோறு கிடையாது, வெந்நீரும் எலுமிச்சையும். போன மாதம் வந்த பிள்ளை மூன்று மாதத்தில் 66-லிருந்து 54-க்கு இறங்கியிருந்தாள். உயரத்துக்கு 54 என்பது அருமையான எடை, புத்தகத்தைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதமாகத் தீட்டு இல்லை, முடி கொத்தாகக் கொட்டுகிறது. பட்டினி கிடந்தால் லெப்டின் கொழுப்புக் கரையும்வரை காத்திருக்காது, இரண்டு மூன்று நாளிலேயே மளமளவென்று விழும். எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதையும் அது எழுதிவைக்கும். அதனால்தான் இன்றைய எடையைக் கேட்டால் போதாது, போன தீபாவளிக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மா இங்கே வருவதற்கு முன்பே மருந்துக்கடையில் தீட்டு வரவைக்கிற மாத்திரையை வாங்கி ஐந்து நாள் கொடுத்திருந்தாள். வரவில்லை. உள்தோல் வளர்ந்திருந்தால்தானே மாத்திரைக்கு இறங்கும்?

"தைமாசம் கல்யாணம் டாக்டரம்மா. போட்டோ எடுக்கிறவன் வேற வாராவாரம் வந்து நிக்கான்."

"காலையில மூணு இட்லி, மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு முட்டை. ராத்திரி சாப்பாட்டை விடக்கூடாது. ரெண்டு மூணு கிலோ ஏறும், ஏறட்டும்."

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் இழுத்தாள். "ஏறுனா ஜாக்கெட்டு பத்தாதே. ஆரி வேலை செஞ்சு வச்சாச்சு, எட்டாயிரம் ரூவா."

உள்தையல் விட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். தையல்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். போன வாரம் போனில் பேசியபோது, ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச்தான் இருக்கிறதாம், பிரித்தால் மணிவேலை போய்விடும் என்கிறாராம். பிள்ளை இட்லி சாப்பிடுகிறாள்.